இருபது வயதுக் கழுத்துவலி: பிசியோ மேஜைக்கு வரும் கேள்விகள்

திருப்பூரில் பிசியோதெரபி பார்க்கிறேன். கழுத்துவலி என்று வருகிறவர்கள் ஒரு காலத்தில் பேரன் பேத்தி எடுத்தவர்களாக இருந்தார்கள். இப்போது பெஞ்சில் உட்கார்ந்திருப்பது பனியன் கம்பெனியில் மின்தையல் இயந்திரம் ஓட்டும் பவர் டேபிள் டெய்லர், ஆபீசில் நாளெல்லாம் லேப்டாப்பைப் பார்க்கும் மெர்சன்டைசர் பெண், போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பையன். எல்லோரும் இருபதுக்கும் முப்பத்தைந்துக்கும் நடுவில். கேள்விகளும் ஏறத்தாழ ஒன்றேதான். ஆளுக்குப் பத்து நிமிடத்தில் சொல்லி முடிக்க முடியாததை இங்கே எழுதி வைக்கிறேன்.

எத்தனை நாள் வலித்தால் அது நாள்பட்ட வலி?

மூன்று மாதம். காலையில் எழுந்ததும் ஒரு பக்கம் திரும்பவே முடியாமல் பிடித்துக்கொள்கிறதே, அந்தச் சுளுக்கு உயிரை எடுத்தாலும் பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் தானே விட்டுவிடும். நாள்பட்ட வலி வேறு ரகம். பத்துக்கு மூன்று, நான்கு என்ற அளவில்தான் இருக்கும், ஆனால் போகாது. சாயங்காலம் நான்கு மணிக்கு வரும், ஞாயிற்றுக்கிழமை குறையும், திங்கள் மதியம் திரும்ப ஆஜராகும். ‘நாள்பட்ட’ என்பது எவ்வளவு காலம் என்பதைத்தான் சொல்கிறது, எவ்வளவு ஆபத்து என்பதை அல்ல.

நாள்பட்ட வலியில் தசை மாறிவிடும் என்கிறீர்கள். என்னதான் மாறுகிறது?

கழுத்தின் முன்பக்கத்தில் இரண்டு அடுக்காகத் தசைகள் இருக்கின்றன. வெளியே தெரிவது ஸ்டெர்னோமாஸ்டாய்டு. காதுக்குப் பின்னாலிருந்து காறையெலும்புக்குச் சாய்வாக இறங்கும், தலையைத் திருப்பினால் கயிறு மாதிரி புடைக்கும். உள்ளே, தொண்டைக்கும் பின்னால், முள்ளெலும்புகளின் முன்பக்கத்தோடு ஒட்டிக்கொண்டு லாங்கஸ் கோலை, லாங்கஸ் கேப்பிட்டிஸ் என்று மெல்லிய தசைகள். பெரியது தலையை அசைக்கும். சின்னவை எலும்புகளை அடுக்குக் குலையாமல் பிடித்து வைத்திருக்கும். நாள்பட்ட வலியில் கெடுவது இந்த வேலைப் பங்கீடுதான். உள்ளே இருப்பவை சோம்பிப்போக, மேலே இருப்பவை அவற்றின் வேலையையும் சேர்த்து இழுக்கின்றன.

உள்தசை சோம்பிவிட்டது என்று எப்படித் தெரியும்? ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் டெபோரா ஃபல்லா, க்வென்டோலன் ஜல் குழுவினர் மூக்கு வழியாக மெல்லிய மின்வாய் ஒன்றை விட்டு, தொண்டையின் பின்சுவரில் ஒட்டவைத்து அளந்தார்கள். அந்தச் சுவருக்குப் பின்னால்தான் இந்தத் தசைகள் இருக்கின்றன. 2004-ல் வந்த முடிவு: ஒரே வேலையைச் செய்யச் சொன்னாலும், கழுத்துவலிக்காரர்களின் உள்தசை மற்றவர்களுடையதைவிடக் குறைவாகத்தான் இயங்கியது.

மூக்கில் எதையும் விடாமலே இதை என் மேஜையில் பார்க்கலாம். மல்லாக்கப் படுக்கவைத்து, தாடையை லேசாக உள்ளே இழுத்துக்கொண்டு தலையை ஓர் அங்குலம் மட்டும் தூக்கச் சொல்வேன். போன மாதம் வந்த 24 வயது டெய்லருக்கு ஐந்தாவது வினாடியிலேயே தாடை மேலே கிளம்பியது. எட்டில் கழுத்தின் இரண்டு பக்கமும் கயிறு முறுக்கிக்கொண்டது. பன்னிரண்டில் தலை நடுங்கி, தொப்பென்று விழுந்தது. தினமும் அறுபது கிலோ துணிக்கட்டைத் தூக்குகிற ஆள். எழுந்து உட்கார்ந்து, “என்னண்ணா, என் தலையை என்னால தூக்க முடியல” என்று சிரித்தார். 2005-ல் வந்த ஓர் ஆய்வில் இதே சோதனையில் வலி இல்லாதவர்கள் சராசரியாக 39 வினாடியும், வலி உள்ளவர்கள் 24 வினாடியும் தாங்கினார்கள். ஆளுக்கு ஆள் வித்தியாசம் நிறைய. அதனால் உங்கள் எண்ணை அடுத்தவர் எண்ணோடு ஒப்பிட வேண்டாம், போன மாதத்து உங்கள் எண்ணோடு ஒப்பிட்டால் போதும்.

தசை கெட்டதால் வலி வந்ததா, வலி வந்ததால் தசை கெட்டதா என்பது கோழியா முட்டையா கதை. ஆனால் ஒன்று: எந்தக் குறையும் இல்லாதவரின் கழுத்துத் தசையில் அடர்த்தியான உப்புக் கரைசலை ஊசியில் ஏற்றிச் செயற்கையாக வலி உண்டாக்கினால், அந்த வலி இருக்கும்போதே தசைகளின் பங்கீடு மாறுவதைப் பார்த்திருக்கிறார்கள். சில நிமிட வலிக்கே இப்படி என்றால் ஆறு மாத வலிக்குக் கேட்க வேண்டுமா.

நான் பாரமே தூக்குவதில்லையே, பிறகு ஏன் தோள் கனக்கிறது?

அதனால்தான். கழுத்திலிருந்து தோளுக்கு இறங்கும் ட்ரபீசியஸ் தசையில் சின்ன இழைகளும் உண்டு, பெரிய இழைகளும் உண்டு. லேசான வேலைக்குச் சின்ன இழைகள்தான் முதலில் எழும். வேலை முழுவதும் முடிந்த பிறகே அவை ஓயும். மவுஸைப் பிடித்துக்கொண்டு, துணியைத் தள்ளிக்கொண்டு எட்டு மணி நேரம் இருந்தால், பெரிய இழைகள் தூங்கிக்கொண்டிருக்கச் சின்னவை மட்டும் எட்டு மணி நேரமும் விழித்திருக்கும். 1991-ல் ஸ்வீடன் ஆய்வாளர் ஹாக் இதற்குச் சிண்டெரெல்லா கருதுகோள் என்று பெயர் வைத்தார். வீட்டில் எல்லோருக்கும் முன்னால் எழுந்து, எல்லோரும் படுத்தபின் படுக்கிற பெண். நம் வீடுகளில் இதற்குச் சிண்டெரெல்லா வரை போக வேண்டியதில்லை, மூத்த மருமகள் என்றாலே புரியும். கருதுகோள்தான், முழுக்க நிரூபணமானதில்லை. ஆனாலும் ஒன்றரை ஷிப்ட் முடித்து வருகிறவர்களின் தோளைத் தொட்டுப் பார்க்கிற எனக்கு இது பொருந்துகிற மாதிரியே தெரிகிறது.

தசைக்குள் கொழுப்பு படிந்துவிடும் என்று யூடியூபில் சொன்னார்களே?

பாதிதான் உண்மை. பின்னாலிருந்து வண்டி மோதிக் கழுத்து உதறப்பட்டு, வலி மாதக்கணக்கில் தங்கிவிட்டவர்களின் கழுத்துப் பின்தசைகளில் கொழுப்பு ஊடுருவியிருப்பதை ஜேம்ஸ் எலியட் குழுவினர் 2006-ல் எம்.ஆர்.ஐ.யில் காட்டினார்கள். அதே குழு 2008-ல், விபத்து எதுவும் இல்லாமல் தானாகக் கழுத்துவலி வந்த பெண்களை எடுத்துப் பார்த்தபோது அந்த மாற்றம் அவர்களிடம் இல்லை. ஆக, உட்கார்ந்த வேலையால் வந்த வலிக்காகக் கொழுப்பை நினைத்துப் பயப்பட வேண்டாம். பைக்கில் அடிபட்ட பிறகு தொடங்கிய வலி என்றால், அதை முதல் நாளே சொல்லுங்கள். என்னிடம் மூன்றாவது வாரம்தான் சொல்கிறார்கள்.

ஸ்கேனில் ‘டிஸ்க் பல்ஜ்’ என்று போட்டிருக்கிறது. ஜவ்வு விலகிவிட்டதா?

இந்தக் கேள்வி வராத நாள் கிடையாது. முள்ளெலும்புகளுக்கு நடுவில் மெத்தை மாதிரி இருக்கும் வட்டு லேசாக வெளியே புடைத்திருப்பதைத்தான் டிஸ்க் பல்ஜ் என்கிறார்கள். ரிப்போர்ட்டை நான்காக மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டு திரிகிற பையன்களைப் பார்த்திருக்கிறேன். ஜப்பானில் எந்த வலியும் இல்லாத 1,211 பேருக்குக் கழுத்து எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். 2015-ல் வெளிவந்தது. அவர்களில் 87.6 சதவீதம் பேருக்கு டிஸ்க் பல்ஜ் இருந்தது. இருபதுகளில் இருந்த ஆண்களில் 73 சதவீதம், பெண்களில் 78 சதவீதம். மறுபடியும் சொல்கிறேன், இவர்கள் வலியே இல்லாதவர்கள்.

‘கழுத்தின் வளைவு நேராகிவிட்டது’ என்ற வரியும் அப்படித்தான், வலி இல்லாதவர்கள் படத்திலும் இருக்கும். ‘தேய்மானம்’ என்ற சொல்லை மட்டும் யாராவது தடை செய்தால் என் வேலை பாதி குறையும். டயர் தேய்கிற மாதிரி மனசில் படம் வந்துவிடுகிறது, அப்புறம் தலையைத் திருப்பவே பயம். நரை விழுவதைத் தேய்மானம் என்கிறோமா? கை முழுக்க மின்சாரம் அடிக்கிற மாதிரி வலி, மரமரப்பு, பலவீனம் இருந்து ஸ்கேனும் அதே இடத்தைக் காட்டினால் அந்த ரிப்போர்ட்டுக்கு மதிப்பு உண்டு. இல்லையென்றால் அதை பீரோவில் வையுங்கள்.

எல்லாம் ஃபோனால்தானே? குனிந்து பார்த்தால் கழுத்தில் 27 கிலோ ஏறும் என்கிறார்களே?

அந்த எண், நியூயார்க் முதுகெலும்பு அறுவை மருத்துவர் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014-ல் கணினி மாதிரியில் போட்ட கணக்கு. 60 பாகை குனிந்தால் 60 பவுண்டு, அதாவது சுமார் 27 கிலோ. கணக்கு மனித உடம்பில் அளந்ததில்லை. தவிர, தசைக்குப் பாரம் ஏறுவதாலேயே அது கெட்டுவிடாது, ஜிம்முக்குப் போவதே பாரம் ஏற்றத்தான்.

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் 17 வயதுப் பிள்ளைகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் உட்காரும் விதத்தைப் படமெடுத்துப் பிரித்தபோது, கூன் போட்டு உட்கார்கிறவர்களுக்குக் கழுத்துவலி அதிகம் என்று வரவில்லை. பிரேசிலில் 18 முதல் 21 வயது வரையிலான 150 பேரிடம் ஃபோன் பார்க்கும் விதத்தை ஆராய்ந்தபோதும் வலியோடு தொடர்பு கிடைக்கவில்லை. அதற்காக ஃபோனுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. இரவு ஒரு மணி வரை ரீல்ஸ் பார்க்கிறவருக்குக் கழுத்து குனிந்ததைவிடத் தூக்கம் போனது பெரிய நஷ்டம். அசையாமல் ஒரே நிலையில் கிடப்பதும் கெடுதல்தான். எந்த நிலை என்பதைவிட எவ்வளவு நேரம் என்று பாருங்கள். நேராக நிமிர்ந்து ஒரு மணி நேரம் விறைப்பாக உட்கார்ந்தாலும் வலிக்கும்.

பிள்ளைகளிடம் “நிமிர்ந்து உட்கார்” என்று நாளுக்கு நாற்பது முறை சொல்லும் அம்மாக்களுக்கு: அதற்குப் பதிலாக “எழுந்து போய்த் தண்ணீர் கொண்டு வா” என்று சொல்லுங்கள்.

தோளில் உருண்டையாக ஒரு கட்டி. நரம்பு முடிச்சா?

நரம்பு முடிச்சு போடாது. அழுத்தினால் வலிக்கிற, இறுகிய தசைப்பகுதி அது. பெரும்பாலும் தோள்பட்டை எலும்பின் உள்மூலைக்குச் சற்று மேலே இருக்கும். லெவேட்டர் ஸ்கேப்புலே என்ற தசை வந்து சேரும் இடம். அதற்குள் என்ன நடக்கிறது என்பதில் நிபுணர்களுக்குள்ளேயே சண்டை. ஒத்தடம், தைலம், அமுக்கிவிடுவது எல்லாம் அன்றைக்குச் சுகம் தரும், தாராளமாகச் செய்துகொள்ளலாம். அடுத்த வாரம் அதே இடத்தில் மறுபடி வந்தால் அமுக்கியவரைக் குறை சொல்ல வேண்டாம். அந்தத் தசைக்கு அதன் வேலையைத் தாங்கும் பலம் இன்னும் வரவில்லை. தொட்டால் நகராமல் கல் மாதிரி இருக்கிற, வளர்ந்துகொண்டே போகிற கட்டி வேறு விஷயம், டாக்டரிடம் காட்டுங்கள்.

சலூனில் முடி வெட்டிய பிறகு கழுத்தைச் சொடுக்கு எடுக்கலாமா?

வேண்டாம். கழுத்தெலும்புகளின் துளைகள் வழியாக மூளைக்கு இரண்டு ரத்தக்குழாய்கள் ஏறுகின்றன. எதிர்பாராத வெட்டித் திருப்பலில் அவற்றின் உள்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்த இளைஞர்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறார்கள். அரிதுதான். ஆனால் அந்த ‘டக்’ சத்தத்தால் கிடைப்பது சில நிமிடச் சுகம் மட்டுமே, அதற்கு இந்த ஆபத்து கட்டுப்படியாகாது. “சொடுக்கு வேண்டாம்ணே” என்று உட்காரும்போதே சொல்லிவிடுங்கள்.

வலிக்கும்போது உடற்பயிற்சி செய்தால் இன்னும் கெட்டுவிடாதா?

பின்லாந்தில் நாள்பட்ட கழுத்துவலி இருந்த 180 அலுவலகப் பெண்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு ரப்பர் பேண்டை வைத்துக் கழுத்துக்குக் கடும் பலப்பயிற்சி, இன்னொன்றுக்கு லேசான தாங்குதிறன் பயிற்சி, மூன்றாவதற்குத் தசையை நீட்டுவது மட்டும். ஒரு வருடம் கழித்து முதல் இரண்டு குழுக்களுக்கும் வலி நன்றாகக் குறைந்தது, நீட்டியவர்களுக்கு அந்த அளவு இல்லை. பலப்பயிற்சிக் குழுவில் கழுத்தை முன்னால் மடக்கும் பலம் 110 சதவீதம் கூடியிருந்தது. யுலினென் என்பவர் தலைமையில் நடந்த இந்த ஆய்வு 2003-ல் வந்தது. நம் ஊரில் இன்னும் கழுத்தைச் சுற்றச் சொல்லி அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

நான் தொடங்குவது இப்படி. மல்லாக்கப் படுங்கள், தலைக்கடியில் மடித்த துண்டு. ‘ஆமாம்’ என்று மிக மெதுவாகத் தலையாட்டுவது போலத் தாடையை இறக்குங்கள். தலை துண்டை விட்டுக் கிளம்பக் கூடாது. இரண்டு விரலைக் கழுத்தின் பக்கவாட்டில் வையுங்கள். அங்கே அந்தக் கயிறு புடைக்காமல் மெத்தென்று இருக்கும் அளவுக்கு மட்டும் அழுத்தம். பத்து வினாடி, பத்து முறை. மூச்சை அடக்காதீர்கள். பார்க்க ஒன்றுமே செய்யாத மாதிரி இருக்கும். “இவ்வளவுதானா சார்” என்று கேட்காத ஆளில்லை. விரலுக்கடியில் கயிறு புடைக்காமல் பத்தையும் முடிக்கப் பலருக்கு இரண்டு வாரம் ஆகிறது.

அப்புறம் நீளமான ரப்பர் பேண்ட். ஒரு முனையை மிதித்துக்கொண்டு, கையைப் பக்கவாட்டில் தோள் உயரத்துக்குத் தூக்குவது. டென்மார்க்கில் 198 பேரை மூன்று குழுவாகப் பிரித்து, ஒரு குழுவை இந்த மாதிரிப் பயிற்சியைத் தினமும் இரண்டு நிமிடம், இன்னொன்றைப் பன்னிரண்டு நிமிடம் என்று பத்து வாரம் செய்ய வைத்தார்கள், மூன்றாவதற்குப் பயிற்சி இல்லை. இரண்டு நிமிடக் குழுவுக்கும் வலி குறைந்தது. இரண்டு நிமிடம் இல்லை என்று என்னிடம் யாரும் சொல்ல முடியாது. டீ ஆறுவதற்கே அதைவிட நேரமாகும்.

வலிக்கு நான் வைத்திருக்கும் கணக்கு: செய்யும்போது பத்துக்கு மூன்று, நான்கு வரை போகலாம், மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும். வரவில்லை என்றால் நேற்றுச் செய்தது அதிகம், பாதியாகக் குறையுங்கள். நிறுத்த வேண்டாம்.

ஜிம்முக்குப் போகலாமா?

போங்கள்.

வேலையிடத்தில் என்ன மாற்றலாம்?

லேப்டாப்பை நான்கு புத்தகத்தின் மேல் ஏற்றி, தனிக் கீபோர்டு வையுங்கள். டெய்லர்கள் ஸ்டூலின் உயரத்தைப் பார்க்க வேண்டும். பலர் அடுத்தவர் விட்டுப்போன ஸ்டூலில் வருடக்கணக்கில் உட்கார்கிறார்கள். செக்கிங்கில் நிற்கும் பெண்களுக்கு மேஜை உயர்த்திக் கொடுங்கள் என்று நான் எழுதிக்கொடுத்த சீட்டுகளில் எத்தனை பலித்தது என்று கேட்காதீர்கள். பீஸ் ரேட்டில் ஓடுகிறவரிடம் அரை மணிக்கு ஒருமுறை எழுந்திரு என்பது காசு வைத்திருப்பவன் சொல்கிற அறிவுரை. பண்டல் மாற்றும் ஒவ்வொரு தடவையும் இரண்டு தோளையும் காது வரை தூக்கி இறக்குங்கள், அது போதும்.

தூக்கம், டென்ஷன் பற்றிக் கேட்கிறீர்களே. வலி மனசில்தான் என்கிறீர்களா?

இல்லை. வலி நிஜம், கழுத்தில்தான் இருக்கிறது. ஆனால் அதன் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் நரம்பு மண்டலத்தில் இருக்கிறது. ஐந்து மணி நேரமே தூங்குகிறவருக்கு, தேர்வு முடிவுக்காகக் காத்திருப்பவருக்கு அந்தக் குமிழ் கூடுதலாகவே திருகி வைக்கப்பட்டிருக்கும். தேர்வு முடிந்த மறுவாரம் வலி பாதியாகிவிட்டது என்று வந்தவர்கள் உண்டு, கழுத்தில் நான் எதையும் புதிதாகச் செய்திருக்க மாட்டேன்.

மாத்திரை, காலர், பி12 ஊசி?

வலி மாத்திரை சில நாளுக்கு, டாக்டர் சொன்னால். மெடிக்கலில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் போடும் டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக் வயிற்றையும் சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும். காலரை நாள் முழுக்க வாரக்கணக்கில் போட்டால் ஏற்கெனவே சோம்பியிருக்கும் தசைக்கு நிரந்தர விடுமுறை கொடுத்த மாதிரி. பி12, வைட்டமின் டி குறைவு என்று ரத்தப் பரிசோதனையில் வந்தால் சரி செய்ய வேண்டியதுதான், அது கழுத்துக்கான மருந்தில்லை. தலையணையையும் சேர்த்துக் கேட்பீர்கள்: காலையில் வலியில்லாமல் எழவைக்கும் தலையணை நல்ல தலையணை, விலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

என் தம்பிக்குக் கழுத்துவலியே இல்லை. ஆனால் ஒரு கை மட்டும் மெலிகிறது. இதுவும் கழுத்தா?

இருக்கலாம். இந்தப் பக்கத்தில் நான் உண்மையிலேயே பயப்படும் கேள்வி இது. வலியோடு வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு ஆபத்தில்லை, வலியில்லாமல் மெலிகிறவரைத் தள்ளிப்போடக் கூடாது.

ஹிராயமா நோய் என்று ஒன்று உண்டு. 1959-ல் ஜப்பானிய நரம்பியல் மருத்துவர் கெய்சோ ஹிராயமா விவரித்தது. ஜப்பானிலும் இந்தியாவிலும் அதிகம் பார்க்கப்படுகிறது. பெங்களூருவில் மனநலம், நரம்பியலுக்கான தேசிய மருத்துவமனையான நிம்ஹான்ஸின் மருத்துவர்கள் 1984-லேயே இந்த மாதிரி நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். வருவது பெரும்பாலும் பையன்களுக்கு, 15 வயதிலிருந்து 25-க்குள். தலை குனியும்போது தண்டுவடத்தின் உறை முன்னால் நகர்ந்து தண்டுவடத்தை எலும்போடு அழுத்துகிறது. ஒவ்வொரு குனிதலிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கைக்குப் போகும் நரம்பு செல்கள் பழுதாகின்றன. கட்டை விரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள சதை குழிந்து போகும். முன்னங்கை சுண்டுவிரல் பக்கமாக மெலியும், கட்டைவிரல் பக்கத்துச் சதை தப்பித்துவிடும். குளிரில் விரல் இன்னும் விறைக்கும், காலையில் பைக்கின் கிளட்ச் பிடிக்க முடியாது. சில வருடம் வளர்ந்து தானாக நின்றுவிடுவதுதான் வழக்கம், போன சதை மட்டும் திரும்புவது கஷ்டம். சாதாரண எம்.ஆர்.ஐ.யில் தெரியாமல் போகலாம், கழுத்தைக் குனிய வைத்து எடுக்க வேண்டும். காலர் நிஜமாகவே மருந்தாக வேலை செய்யும் இடம் இதுதான், குனிவதைத் தடுக்க. தம்பியை என்னிடம் கூட்டி வராதீர்கள். நேரே நரம்பியல் மருத்துவரிடம் போங்கள்.

வேறு எப்போது பிசியோவை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்?

சட்டைப் பட்டன் போட விரல் தடுமாறினால், நடை தள்ளாடினால், சிறுநீர் மலம் கட்டுப்படாமல் போனால். கை அல்லது கால் திடீரென்று பலமிழந்தால். அடிபட்ட பிறகு வந்த வலி என்றால். காய்ச்சல், எடை குறைதல், இரவில் தூங்கவிடாத வலி மூன்றும் சேர்ந்தால், நம் நாட்டில் எலும்புக் காசநோயையும் நினைக்க வேண்டும். இதுவரை இல்லாத மாதிரி திடீர்க் கழுத்துவலியோடு தலைசுற்றல், பேச்சுக் குழறல், பார்வை இரட்டையாகத் தெரிதல் வந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள்.

எத்தனை நாளில் சரியாகும்? வலி போனதும் நிறுத்திவிடலாமா?

வலி பலருக்கு நான்கிலிருந்து ஆறு வாரத்தில் இறங்கத் தொடங்கும். தசையில் பலம் ஏற அதற்கும் மேல் ஆகும். சிக்கல் இந்த இடைவெளியில்தான். வலி போனது, தசை இன்னும் வரவில்லை, ஆள் வருவதை நிறுத்திவிடுகிறார். தீபாவளி ஆர்டர் நேரத்தில் மறுபடி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். மூன்று மாதமாவது செய்யுங்கள். அதற்கப்புறம் வாரம் இரண்டு நாள் போதும்.

முதல் நாள் வரும்போது என்ன கொண்டு வர வேண்டும்?

போடுகிற மாத்திரை அட்டைகள். ஸ்கேன் இருந்தால் ரிப்போர்ட்டோடு படமும். காலர் வைத்த சட்டை வேண்டாம், கழுத்தும் தோளும் தெரிகிற பனியன் போட்டு வாருங்கள், இந்த ஊரில் அதற்கா பஞ்சம். நீங்கள் வேலை செய்யும் இடத்தில் உட்கார்ந்திருப்பதைப் பக்கத்துச் சீட்டுக்காரரை விட்டு, உங்களுக்குத் தெரியாமல் ஒரு ஃபோட்டோ எடுத்து வைக்கச் சொல்லுங்கள். தெரிந்து எடுத்தால் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுகிறார்கள்.